தராசும் தூக்குமரமும் நின்ற இடம்: வலென்சியா நாட்குறிப்பு

புதன்: மத்தியச் சந்தை

ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்கும், வெள்ளை வெளேரென்று நிற்கும் புதிய அறிவியல் நகரத்துக்கும் போகிறார்கள். நான் வந்தது ஒரே ஒரு சதுக்கத்துக்காக. ஊரின் பழைய பகுதியில் இருக்கும் பிளாசா தெல் மெர்காடோ, அதாவது சந்தைச் சதுக்கம். அங்கே மூன்று கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன: காய்கறியும் மீனும் இறைச்சியும் விற்கிற மத்தியச் சந்தை, பட்டு வணிகர்களின் கூடமான லோன்ஹா, சான்டோஸ் ஹுவானெஸ் தேவாலயம். ஐரோப்பாவில் பழைய சந்தைத் திடல் இல்லாத ஊர் குறைவு. ஆனால் பல ஊர்களில் திடல் மட்டும்தான் மிச்சம். சந்தை என்றைக்கோ போய்விட்டது. இங்கே இன்றைக்கும் காலையில் மீன் வெட்டுகிறார்கள்.

ஏழரைக்கெல்லாம் கதவு திறந்துவிடுகிறது. உள்ளே போனதும் முதலில் கண் மேலேதான் போகும். இரும்பு, கண்ணாடி, வண்ண ஓடுகள். நடுவில் 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு கும்மட்டம். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் இறங்குகிறது. 8,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு என்பதால் ஒரு முனையில் நின்றால் மறு முனை தெரியாது. அலெஹாந்த்ரோ சோலெர், பிரான்சிஸ்கோ குவார்தியா என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களின் வரைபடம் இது. 1914இல் தொடங்கிய வேலை இழுத்துக்கொண்டே போய், வேறு இருவர் கையில் முடிந்து, 1928 ஜனவரியில்தான் திறப்பு விழா கண்டது. அதற்கு முன் இங்கே இருந்த வீடுகளை இடிக்கும் வேலையை 1910இல் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோவே வந்து தொடங்கி வைத்தார்.

பெரிய கும்மட்டத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டியாக ஒரு கிளி. கீழே நடக்கிற ஓயாத பேச்சுக்குத்தான் அந்தக் கிளி என்பார்கள். மீன் பகுதிக்குத் தனிக் கும்மட்டம். அதன் மேல் ஒரு வாள்மீன்.

பார்த்தவற்றில் சில: தண்ணீர்த் தொட்டியில் நெளிகிற விலாங்கு மீன், இவை ஊருக்குத் தெற்கே இருக்கும் அல்புஃபேரா ஏரியின் பழைய செல்வம். வலைப் பைகளில் உயிரோடு ஊர்கிற நத்தைகள், பயேயா என்ற இந்த ஊர் அரிசிச் சோற்றில் போடுவதற்கு. பெரிய, தட்டையான வெள்ளை மொச்சை ஒன்று, அதுவும் பயேயாவுக்குத்தான். உப்பில் காய்ந்த சூரைமீன் துண்டுகள், அடர்ந்த செம்பழுப்பில். உருண்டையான காய்ந்த மிளகாய் மாலைகள். குங்குமப்பூவைச் சின்னஞ்சிறு டப்பாக்களில் அடைத்துப் பூட்டிய கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

மீன்காரம்மா ஒருவர், அறுபது வயது இருக்கும், ஒரு கணவாயை எடுத்தார். தலையைப் பிடித்து ஒரே இழுப்பு. குடலும் மைப்பையும் உடையாமல் கையோடு வந்தன. உள்ளிருந்த ஒளி ஊடுருவும் எலும்பை உருவினார், தோலை உரித்தார், கழுவினார், தராசில் வைத்தார். முழுதாக ஒரு நிமிடம் ஆகியிருக்காது. "என்ன ராணி, உனக்கு என்ன?" என்று அதே மூச்சில் என்னைக் கேட்டார். இங்கே வாங்க வருகிற பெண்கள் எல்லோருமே ராணிதான். விடுதியில் அடுப்பு இல்லை என்று சொன்னேன். "அப்ப பழம் வாங்கிக்கோ, மூணாவது வரிசை, என் பேரைச் சொல்லு" என்றார். போனேன், சொன்னேன், இரண்டு பேரிக்காய் கூடக் கிடைத்தது.

வியாழன்: சந்தைக்கு முன் சந்தை

இன்று வியாழன் என்பதில் ஒரு பொருத்தம் உண்டு. 1261இல், நகரைப் பிடித்த அரகோன் மன்னர் ஜவ்மே இந்த இடத்தில் வாரச் சந்தை கூட அனுமதி தந்தபோது குறித்த நாள் வியாழன்தான்.

ஆனால் கதையை அங்கே தொடங்கினால் பாதியை விட்டதாகிவிடும். ஜவ்மே வருவதற்கு முன் இது பலன்சியா என்ற முஸ்லிம் நகரம். மதிலுக்கு வெளியே, போவாதெல்யா வாசலை ஒட்டி அப்போதே வியாபாரம் நடந்தது. சுற்றியிருந்த தோட்டங்களின் விளைச்சல் வாசலுக்கு வரும், வாங்குகிறவர்கள் வெளியே வருவார்கள். 1238 அக்டோபர் 9இல் ஜவ்மே நகருக்குள் நுழைந்தார். உடன்படிக்கையின்படி முஸ்லிம்கள் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். தங்கியவர்களுக்கு மதிலுக்கு வெளியே தனிக் குடியிருப்பு ஒதுக்கினார்கள்; அதையும் 1455இல் கும்பல் ஒன்று சூறையாடியது. இந்தச் சந்தையை உண்டாக்கியவர்களுக்கு இங்கே ஒரு கல்வெட்டுகூட இல்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆட்கள் போனார்கள், அவர்கள் வகுத்த முறைகள் போகவில்லை. எடைக்கல், அளவு, உணவின் தரம் எல்லாவற்றையும் சோதித்துத் தண்டம் போடுகிற சந்தை அதிகாரி முஸ்லிம் நகரங்களில் உண்டு. ஜவ்மே அந்தப் பதவியை அப்படியே எடுத்துக்கொண்டார். பெயரைக்கூடப் பெரிதாக மாற்றவில்லை: முஹ்தசிப் என்பது முஸ்தசாஃப் ஆனது. ரொட்டியின் எடை குறைந்தால், மீன் நாறினால், ஆள் வந்து நிற்பார்.

1356இல் புதிய மதில் கட்டியபோதுதான் சந்தை ஊருக்குள் வந்தது. அப்புறம் ஊரின் எல்லாமே இங்கேதான். வெற்றி விழா, குதிரைப் போட்டி, காளைச் சண்டை, அரச அறிவிப்பு. ஊரில் இவ்வளவு பேர் கூடுகிற இடம் வேறு இல்லை. அதே காரணத்துக்காகவே தூக்குமரத்தையும் இங்கே நட்டார்கள். அது நிரந்தரமாக நின்றது.

நண்பகலில் கதீட்ரல் பக்கம் நடந்தேன். அப்போஸ்தலர் வாசலில் ஒவ்வொரு வியாழனும் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. துரியா ஆற்றின் எட்டு வாய்க்கால்களுக்கு எட்டுப் பேர், விவசாயிகளே தேர்ந்தெடுத்தவர்கள். கறுப்பு மேலங்கியோடு வட்டமாக உட்காருகிறார்கள். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் கூப்பிட்டு, புகார் உண்டா என்று கேட்கிறார் ஒருவர். விசாரணை முழுக்க வாய்மொழி. இன்று புகார் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார்கள். கூடியிருந்தவர்களில் பலருக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. பேச்சை நம்பித் தண்ணீரைப் பங்கிடுகிற ஓர் ஏற்பாடு பல நூற்றாண்டுகளாக ஓடுவதைக் கண்ணால் பார்த்ததே போதும்.

வெள்ளி: லோன்ஹா

இன்று முழுக்க ஒரே கட்டடம்.

15ஆம் நூற்றாண்டில் வலென்சியா மத்தியதரைக் கடலின் பணக்கார ஊர்களில் ஒன்று. இத்தாலியர்கள், ஜெர்மானியர்கள் எல்லாம் இங்கே கடை வைத்திருந்தார்கள். பட்டு, கம்பளி, சர்க்கரை, குங்குமப்பூ, உலர்ந்த பழங்கள் கப்பலேறின. பழைய வணிகக்கூடம் போதவில்லை. நகர மன்றம் சந்தைக்கு எதிரே பல வீடுகளை வாங்கி இடித்து, பெரே கொம்ப்தே என்ற கல்தச்சரிடம் வேலையை ஒப்படைத்தது. 1483இல் தொடங்கி 15 ஆண்டில் பெரிய மண்டபம் முடிந்தது. பக்கத்துப் பகுதிகள் 1548 வரை நீண்டன. 1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் பேச்சு தானாகத் தணிகிறது. நீளம் 35 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், உயரம் 17 மீட்டருக்கு மேல். மொத்தம் 24 தூண்கள். சுவரை ஒட்டியவை 16, தனியே நிற்பவை 8. ஒவ்வொன்றும் வடக்கயிறு முறுக்கியதுபோல் சுழன்று மேலே போய், உச்சியில் பிரிந்து கூரையோடு கலந்துவிடுகிறது. அந்தக் கூரைக்கு அந்நாளில் நீல வண்ணம் பூசிப் பொன் நட்சத்திரங்கள் பதித்திருந்தார்களாம். ஒரு தூணில் கையை வைத்துப் பார்த்தேன். முறுக்கின் விளிம்பு, ஆள் கை எட்டும் உயரம் வரைக்கும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அதற்கு மேலே உளிக்கோடு இன்னும் தெரிகிறது. சாய்ந்து நின்று விலை பேசிய தோள்கள் எத்தனையோ.

சுவரைச் சுற்றி உச்சியில் பொன் எழுத்துகளில் லத்தீன் வாசகம் ஓடுகிறது. கழுத்தை வளைத்துக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்று வந்தால்தான் முழுதாகப் படிக்க முடியும். கட்டடமே பேசுகிறது. அதன் சாரம் இது: நான் 15 ஆண்டில் எழுந்த புகழ்பெற்ற இல்லம். ஊராரே, சுவைத்துப் பாருங்கள், நாவில் வஞ்சம் இல்லாத வணிகம் எவ்வளவு நல்லது என்று. அண்டை வீட்டானுக்குக் கொடுத்த வாக்கு தவறாத, பணத்தை வட்டிக்கு விடாத வணிகம் அது. இப்படி நடக்கும் வணிகன் செல்வத்தில் திளைப்பான், முடிவில் நிலைவாழ்வும் பெறுவான்.

சொர்க்கத்துக்கே வாக்குறுதி. ஆனால் இதை வெறும் அலங்காரமாக நான் பார்க்கவில்லை. இந்த மண்டபத்தில் கைமாறியதில் பாதிக்கு மேல் சொல்லாகத்தான் இருந்திருக்கும். கடலில் இருக்கிற கப்பலின் சரக்கு, இன்னும் கூடு கட்டாத புழுவின் பட்டு, மூன்று மாதம் கழித்து ஜெனோவாவில் தரப்போகிற பணம். எதுவும் கண்ணெதிரில் இல்லை. ஒருவன் நாக்கு புரண்டால் பத்துப் பேர் தெருவுக்கு வருவார்கள். அதனால்தான் பயமுறுத்தலும் பக்கத்திலேயே இருக்கிறது: மண்டபத்தை ஒட்டிய கோபுரத்தில், வாங்கிய கடனைக் கட்டாமல் ஏமாற்றிய வணிகர்களை அடைத்து வைத்தார்கள்.

அமைப்புகளும் வலுவாக இருந்தன. கடல் வணிக நீதிமன்றமான கொன்சொலாத் தெல் மார் வலென்சியாவில் 1283 முதல் இருந்தது. கடல் தொழிலும் வணிகமும் தெரிந்தவர்களே நீதிபதிகள். வக்கீல்களின் இழுத்தடிப்பு இல்லாமல் விரைவாகத் தீர்ப்பு. 1407இல் நகர மன்றமே நடத்திய தவுலா தெ கான்விஸ் என்ற வங்கி தொடங்கியது. ஐரோப்பாவின் ஆரம்பகாலப் பொது வங்கிகளில் அது ஒன்று. லோன்ஹா கட்டிய பின் அதுவும் இங்கே வந்தது. கொலம்பஸின் முதல் பயணத்துக்குப் பணம் திரட்டித் தந்த லூயிஸ் தெ சான்டாஞ்சல் இந்த ஊர் வணிகக் குடும்பத்தவர்தான்.

அவர் யூத மரபிலிருந்து மதம் மாறிய குடும்பத்தில் பிறந்தவர். அதற்கும் இந்தச் சதுக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது. 1391 ஜூலை 9 அன்று நாணல் சிலுவைகளைத் தூக்கிக்கொண்டு சிறுவர் கூட்டம் ஒன்று சந்தையிலிருந்துதான் யூதர் தெருவுக்குக் கிளம்பியது. பின்னால் பெரியவர்கள். அன்றைக்குப் பலர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானத்துக்குத் தலை குனிந்தார்கள். லோன்ஹாவின் பொன் எழுத்துகளைப் படித்துவிட்டு வெளியே வந்து, அந்தக் கூட்டம் கிளம்பிய தரை இதுதான் என்று நினைக்கும்போது மனது கனக்கிறது.

சனி: குருவியும் குகைகளும்

சான்டோஸ் ஹுவானெஸ் என்றால் இரண்டு யோவான்கள்: திருமுழுக்கு யோவான், நற்செய்தி எழுதிய யோவான். முஸ்லிம் நகரத்தின் மசூதி இருந்த இடத்தில் எழுந்த கோயில். பலமுறை தீப்பிடித்தது. 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் மறுபடி எரித்தார்கள். ஓவியர் பலோமினோ 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூரை முழுக்கத் தீட்டிய ஓவியங்கள் பெரும்பகுதி கருகிப்போயின.

சதுக்கத்தைப் பார்த்த பக்கம்தான் எனக்குப் பிடித்தது. மேடை போட்ட முகப்பு, மணிக்கூண்டு, உச்சியில் ஒரு பறவை. உண்மையில் அது கழுகு. ஆனால் ஊரார் அதைச் சான் ஹுவானின் குருவி என்றே அழைக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்லும் கதை லேசானதில்லை. மலைப்பக்கத்து ஏழைத் தகப்பன், தெருவேல், அரகோன் பக்கத்திலிருந்து, பையனைக் கூட்டிக்கொண்டு நடந்தே வருவான். சந்தைக்கு வந்ததும், "அந்தக் குருவியைப் பாருடா, கண்ணை எடுக்காதே" என்பான். பையன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கூட்டத்தில் கலந்து மறைந்துவிடுவான். அழுதுகொண்டு நிற்கும் பையனை ஏதாவது கடைக்காரர் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்வார். அப்படி வந்த பையன்கள் பின்னாளில் முதலாளிகளானதும் உண்டு என்று பெருமையாகச் சொல்லி முடிப்பார்கள். எனக்கு அந்தத் தகப்பன் ஊருக்குத் திரும்பி நடந்த வழிதான் மனதில் நிற்கிறது.

மேடைக்கு அடியில், பாதி தரைக்குக் கீழே, வரிசையாகச் சிறு கடைகள். கோவெத்தெஸ், அதாவது சிறு குகைகள். தகரச் சாமான், பழைய இரும்பு, பூட்டு, விளக்கு விற்ற இடம். வாசல் என் தோள் உயரம்கூட இல்லை. லோன்ஹாவில் பட்டுக்கு விலை பேசியவர்களுக்கு எதிரே, இங்கே ஓட்டைப் பாத்திரத்துக்கு ஈயம் பற்றவைத்துப் பிழைத்திருக்கிறார்கள். வருகிற எல்லோரும் லோன்ஹாவைப் படமெடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பாமலே போகிறார்கள். ஐந்து நிமிடமாவது இங்கே நில்லுங்கள்.

மாலையில் லோன்ஹாவுக்குப் பின்னால் இருக்கும் சிறு சதுக்கத்துக்குப் போனேன். 1808 மே 23 அன்று மாட்ரிட் செய்தித்தாள் வந்து, அரச குடும்பம் முடியை நெப்போலியனிடம் விட்டுக்கொடுத்த சேதியை இங்கே உரக்கப் படித்தார்கள். விளக்கேற்றும் கந்தகக் குச்சி விற்கிற விசென்ட் டொமேனெக் இடுப்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியைக் கிழித்துக் கழியில் கட்டி, ஏழைக் குச்சி வியாபாரி நான் நெப்போலியன் மீது போர் அறிவிக்கிறேன் என்று கத்தினாராம். ஊர் அவர் பின்னால் போனது. அடுத்த மாதம் நெப்போலியனின் தளபதி மார்ஷல் மோன்சேயின் படை மதிலை உடைக்க முடியாமல் திரும்பியது.

ஞாயிறு: ஒரு வாத்தியார்

இன்று சந்தைக்கு விடுமுறை. கதவுகள் மூடியிருக்க, சதுக்கம் விரிந்து கிடக்கிறது. இதை எழுத ஒதுக்கி வைத்திருந்த நாள்.

காயெதானோ ரிபோல் கட்டலோனியாவின் சொல்சோனாவில் 1778இல் பிறந்தவர். நெப்போலியனுக்கு எதிரான போரில் சிப்பாய். பிடிபட்டுப் பிரான்சில் கைதியாக இருந்தபோது அவருடைய மத நம்பிக்கை மாறியது. கடவுளை நம்பினார்; சடங்குகளையும் திருச்சபையின் போதனைகளையும் விட்டார். திரும்பி வந்து வலென்சியாவை ஒட்டிய தோட்டப் பகுதியில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். அண்டை அயலாருக்கு அவர் நல்ல மனிதர்.

1824இல் கைது. குற்றச்சாட்டுகளைப் படித்தால் நெஞ்சு அடைக்கிறது: பூசைக்குப் போவதில்லை, பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. நோயாளிக்கு நற்கருணை எடுத்துப் போகும்போது தெருவுக்கு வந்து வணங்குவதில்லை. வகுப்பில் மாதாவுக்கு வாழ்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் கடவுளுக்குப் புகழ் என்று சொல்லச் சொன்னார். அவ்வளவுதான். மத விரோதிகளை விசாரித்துத் தண்டித்த இன்க்விசிஷன் என்ற திருச்சபை நீதிமன்றம் அப்போது செயலில் இல்லை. அதன் வேலையைச் செய்ய வலென்சியா பேராயர் ஒரு விசுவாசக் குழுவை அமைத்திருந்தார். அந்தக் குழு அவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டி, அரச நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். மனம் மாறிவிட்டேன் என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைக்க வழி இருந்தது. பாதிரியார்கள் வந்து வந்து கேட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை.

1826 ஜூலை 31. இந்தச் சதுக்கம். மத விரோதிகளை எரிப்பது வழக்கம், ஆனால் காலம் மாறிவிட்டது என்பதால், தூக்கு மேடைக்குக் கீழே தீ நாக்குகள் வரைந்த பீப்பாய் ஒன்றை வைத்தார்கள். எரித்ததாகக் கணக்கு. ஸ்பெயினில் மத விரோதத்துக்காகக் கொல்லப்பட்ட கடைசி மனிதர் அவர். ஐரோப்பா முழுக்கக் கண்டனம் எழுந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1834இல், இன்க்விசிஷனைச் சட்டப்படி ஒழித்தார்கள்.

லோன்ஹாவின் வாசலில் நின்று அந்தத் திசையைப் பார்த்தேன். நாவில் வஞ்சம் இல்லாதவன் செல்வத்தில் திளைப்பான், நிலைவாழ்வும் பெறுவான் என்று இந்தச் சுவரில் எழுதி அப்போது 300 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஊருக்கே பாடமாக எழுதிய வாசகம். அதை எழுத்து மாறாமல் கடைப்பிடித்த ஒருவரை, அதே சுவருக்கு முன்னால் தூக்கிலிட்டிருக்கிறார்கள். கடன் விஷயத்தில் உண்மை பேசு, கடவுள் விஷயத்தில் நாங்கள் சொல்வதைப் பேசு என்பதுதான் நடைமுறை. லோன்ஹாவைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டிகள் தூண்களின் அழகைச் சொல்லி முடித்தபின் வெளியே வந்து இந்த வாத்தியாரின் பெயரையும் சொல்லவேண்டும் என்பது என் ஆசை.

திங்கள்: தறியும் ஆரஞ்சும்

மத்தியச் சந்தைக்குப் பின்னால் வெல்யுட்டர்ஸ், வெல்வெட் நெசவாளர்களின் பேட்டை. 15ஆம் நூற்றாண்டில் ஜெனோவாவிலிருந்து வந்தவர்கள் இந்த நெசவைக் கொண்டுவந்தார்கள். 1479இல் சங்கத்துக்கு விதிகள் எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான தறிகள். பழைய வீடுகளில் மேல்மாடி மட்டும் உயரமாக இருப்பதைப் பாருங்கள், அது தறிக்காக. இன்று பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மனைகளில் வெறும் புல்.

லோன்ஹாவின் பட்டு வியாபாரத்தை ஸ்பெயின் அரியணைக்கான வாரிசுரிமைப் போரில் 1707இல் ஊர் தோற்றதும், மண்டபத்தைச் சிப்பாய்களின் குடியிருப்பாக்கியதும்கூட முழுதாக முடக்கவில்லை. முடித்தது ஒரு நோய். 1850களில் பெப்ரின் என்ற புழுநோய் பரவிப் பட்டுப்புழுக்கள் கூட்டமாகச் செத்தன. புழு இல்லாமல் முசுக்கொட்டை இலை எதற்கு? விவசாயிகள் அந்த மரங்களை வெட்டிவிட்டு ஆரஞ்சு நட்டார்கள். வலென்சியாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் பல பட்டு விட்டுப்போன நிலத்தில் வளர்ந்தவைதான்.

வியாபாரத்துக்கென்றே முதல் ஆரஞ்சுத் தோப்பை 1781இல் ஒரு பங்குப் பாதிரியார் கார்கைஷென்ட் என்ற ஊரில் போட்டார். இங்கிருந்து உள்ளூர் ரயிலில் போய்விடலாம். நாளை காலை அங்கே போகிறேன்.